ராமேஸ்வரத்துக்கு ஒரு ராஜ்தூத்

முறத்தின் நடுவில் ஒரு புளியங்கொட்டையை வைத்து, இதுதான் திருவண்ணாமலை என்றாள் பாஞ்சாலை.

அவள் புருஷன் தீர்த்தகிரி தலையாட்டினான். இருவரும் வாசலில் எதிரெதிரே குந்தியிருந்தார்கள். புடைத்து முடித்த சாமை பக்கத்தில் குவிந்து கிடந்தது. கொஞ்சம் தள்ளிப் பலாமரத்தடியில் அந்த ராஜ்தூத் மோட்டார் சைக்கிள் நின்றிருந்தது.

ஊரே அந்த வண்டியை வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தது. எல்லோரும் கேட்டது ஒரே கேள்வி.

"இன்னாத்துக்குப் போறீங்க அவ்ளோ தூரம்?"

வேண்டுதலா, வைத்தியமா, கோர்ட்டு வழக்கா என்று அவர்களே காரணமும் எடுத்துக் கொடுத்தார்கள். சும்மா சுற்றிப் பார்க்கத்தான் என்று பாஞ்சாலை சொன்னதை ஒருவரும் நம்பவில்லை. சும்மா மலையிறங்கியவர்கள் அந்த மலைக்கிராமத்தில் அதுவரை யாரும் இல்லை.

ஆனால் தீர்த்தகிரி மிலிட்டரிக்காரன். பட்டாளத்தில் இருந்தபோது மோட்டார் சைக்கிளில் தபால் கொண்டுபோனவன். பனி கொட்டும் மலைப்பாதையில், ஒரு கையால் தபால் பையைப் பிடித்துக்கொண்டு மறுகையால் வண்டியை ஓட்டிய கதையை ஊர் எத்தனையோ தரம் கேட்டிருக்கிறது. அவன் ஓட்டினால் எங்கே வேண்டுமானாலும் போகலாம் என்று ஊர் ஒத்துக்கொண்டது.

அந்தக் கதைகளைக் கேட்டுத்தான் பாஞ்சாலையும் அவனைக் கட்டிக்கொண்டாள். கடலுக்கு நடுவில் ஊர்கள் இருக்கின்றன, ஒருநாள் வண்டியில் வைத்துக் கூட்டிப்போகிறேன் என்று அப்போது சொல்லியிருந்தான்.

மகளைப் படவேட்டில் கட்டிக்கொடுத்த பிறகு அதை அவள் நினைவுபடுத்தினாள். அந்த வருஷம் புளி நன்றாகக் காய்த்திருந்தது. விற்ற பணத்தில் வண்டி வாங்கலாம் என்றாள். வேண்டாம் என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. சந்தவாசல் மெக்கானிக் பிலிப்ராஜ் ஒரு பழைய ராஜ்தூத்தைச் சரிசெய்து, மலைப்பாதையில் தானே ஓட்டிக்கொண்டுவந்து மரத்தடியில் நிறுத்தினார்.

இப்போது கொட்டைகள் முறத்தில் தெற்கே நகர்ந்துகொண்டிருந்தன. விழுப்புரம், சிதம்பரம், வேதாரண்யம், தொண்டி.

பஸ் ஓடும் பெரிய ரோடு வேண்டாம், கடலோரத்துக் கிராமங்கள் வழியாகவே போகலாம் என்றாள். போகிற வழியில் பிச்சாவரத்தில் தோணி ஏறி, தண்ணீருக்குள் மரம் நிற்கும் திட்டுகளைப் பார்க்க வேண்டும். பாம்பனில் ரோட்டுப் பாலம் இன்னும் கட்டி முடியவில்லை. அதனால் மண்டபத்தில் வண்டியையும் ரயிலில் ஏற்றிவிட்டு, அவர்களும் ஏறிக்கொள்ள வேண்டியதுதான். ராமேஸ்வரத்தில் இறங்கி, ரோட்டை மணல் மறிக்கிற இடம்வரை போகலாம்.

முறத்தைத் தாண்டித் தரையில் மேலும் இரண்டு கொட்டைகளை வைத்தாள். அதென்ன என்று கேட்டான். சின்னத் தீவுகள், மீன்காரர்களைக் கேட்டால் படகில் கொண்டுபோய் விடுவார்களாம் என்றாள். படவேட்டுக் கோயிலுக்கு வந்திருந்த ராமநாதபுரத்து ஆட்களிடம் அவள் கேட்டு வைத்திருந்தாள்.

வழி தயார். கட்டுச்சோறு முதல் போர்வை வரை எல்லாம் பேசியாகிவிட்டது. புறப்படும் நாள்தான் நிலைக்கவில்லை. ஆடியில் காற்று என்றான் தீர்த்தகிரி. பிறகு மழை, டயர் வழுக்கும் என்றான். பிறகு பிரேக்கில் சந்தேகம். பிறகு சாமை அறுப்பு.

இப்போது சாமையும் வீடு வந்துவிட்டது.

வருகிற திங்கட்கிழமை போகலாமா என்று கேட்டாள்.

தீர்த்தகிரி வண்டியைத் திரும்பிப் பார்த்தான். தினமும் காலையில் அதைத் துணியால் பளபளவென்று துடைத்து வைப்பவன் அவன்தான். அன்றைக்கு அமாவாசையாயிற்றே, கழித்துப் போகலாம் என்றான்.

பாஞ்சாலை மடியிலிருந்த உமியைத் தட்டிவிட்டுக்கொண்டாள்.

"நாளைக்கு மெக்கானிக் மேல வர்றாரு. சந்தை மைதானத்துல வண்டி ஓட்டக் கத்துத் தர்றாராம்."

தீர்த்தகிரி சட்டென்று அவள் பக்கம் திரும்பினான். யாருக்கு என்று கேட்டான்.

"எனக்குத்தான். அவராண்ட அப்பிடித்தான் சொல்லிக்கிறேன். நீ பக்கத்துல நின்னு பாத்துக்கோ, மாமா."

பிலிப்ராஜ் வண்டியைக் கொண்டுவந்த அன்று, சாவியை நீட்டி ஒரு சுற்றுப் போய்வாருங்கள் என்றார். இவன் வயிற்றுவலி என்றான். அவர் போன பிறகு வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தான். முட்டுகிற மாட்டைத் தொடுவதுபோல் அதைத் தொட்டுப் பார்த்தான். பாஞ்சாலை கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

கல்யாணமான புதிதில் அவளுக்குக் காய்ச்சல் கண்டபோது, ஒரு படைக்கே போடுகிறவன்போல் அவன் சப்பாத்தி இட்டுத் தள்ளியது எப்படி என்று அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. பட்டாளத்தில் அவன் கையில் இருந்தது கரண்டி.

அவனிடம் அவள் அதைக் கேட்டதில்லை. இனியும் கேட்பதாக இல்லை. மகளைக் கட்டிக்கொடுத்தவளுக்கு மோட்டார் சைக்கிள் கேட்கிறதா என்று ஊர் சிரிக்கும். சிரிக்கட்டும் என்று முடிவு செய்த பிறகுதான் மெக்கானிக்குக்குச் சொல்லியனுப்பியிருந்தாள்.

தீர்த்தகிரி முறத்தில் இருந்த கொட்டைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி உள்ளங்கையில் சேர்த்தான்.

பிறகு, விடியும்போதே மைதானத்துக்குப் போய்விடலாமா, அப்போது யாரும் இருக்கமாட்டார்கள் என்று மெதுவாகக் கேட்டான்.