நாற்காலி இருந்த இடம்

மூன்று ஆய்வகங்கள் கைவிரித்துவிட்டன. முனைவர் பட்டம் வாங்கியவளுக்கு மிச்சமிருந்தது இந்த ஒரு நேர்காணல்தான்: நாய்களுக்குப் பரம்பரையாக வரும் பார்வையிழப்பு பற்றிய ஆராய்ச்சி.

மாலை வெயில் திரைச்சீலை வழியே வடிந்து இறங்க, அந்த அறையே பாதிக் கனவில் மிதந்தது. பேராசிரியரின் காலடியில் கிழட்டு நாயொன்று அரைத்தூக்கத்தில் கிடந்தது.

"உக்காருங்கம்மா. எழுந்திரிக்கும்போது மட்டும் நாற்காலிய இருந்த இடத்துலயே வெச்சிடுங்க."

பாவம், நாய் முட்டிக்கொள்ளும் போல என்று நினைத்துக்கொண்டாள்.

"விண்ணப்பத்த நீங்களே வாசிங்க. எழுதினவங்க குரல்ல கேட்டாத்தான் மனசுல நிக்கும்."

வாசிக்க வாசிக்க, அது வேறு யாரோ கண்ட கனவுபோல் அவளுக்கே இருந்தது.

"இத்தனை வருஷம் எலிய வெச்சுப் பண்ணியிருக்கீங்க. இப்ப ஏன் நாய்?"

"எலிக்குக் குணமானா கட்டுரை வரும் சார். நாய்க்குக் குணமானா வாலாட்டும்."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். "அடுத்த மாசமே சேர்ந்துடுங்க."

கால் தரையில் பாவாமல் எழுந்தவள், மறக்காமல் நாற்காலியை அதன் இடத்தில் வைத்தாள். அவளுடைய கைக்கடிகாரத்தில் பட்ட வெயில் சுவரில் வெளிச்சப் புள்ளியாக ஓட, நாய் துள்ளி எழுந்து அதைத் துரத்தியது.

"சார், இதுக்குக் கண்ணு தெரியுதே."

"போன வருஷமே சரி பண்ணிட்டோமே."

அவர் எழுந்தார். மேசை விளிம்பைத் தடவி, அடிகளை எண்ணி நடந்து, நாற்காலியின் முதுகைத் தொட்டுக் கதவுப் பக்கம் திரும்பினார்.

"அதுக்கும் எனக்கும் ஒரே மரபணுக் கோளாறும்மா. மருந்து வரிசையில அது முந்திக்கிச்சு. அடுத்தது நான். ஆட்டறதுக்குத்தான் எங்கிட்ட வால் இல்ல."