கையெழுத்துக் கட்டம்

சுகாதாரத் துறை ஆய்வாளர் பதிவேட்டின் அதே பக்கத்தை மூன்றாவது முறையாகத் திருப்பியபோது, பல் டாக்டருக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

இருபது வருடமாக ஊராரை வாயைத் திறக்கச் சொன்னவள். இன்று அவளே வாயைத் திறக்கவில்லை.

ஆய்வாளர் சிரிப்பைக் கடன் வாங்கினாலும் சிரிக்கத் தெரியாத ஆள். கை கழுவும் இடத்தில் சோப்பை முகர்ந்து பார்த்தார். நோயாளி நாற்காலியின் அடியில் விரலை விட்டுத் தடவினார். அவசர மருந்துப் பெட்டியில் இருந்த ஒவ்வொரு குப்பியின் தேதியையும் கண்ணாடியைக் கழற்றி மூக்கருகே வைத்துப் படித்தார். எல்லாவற்றுக்கும் டிக் போட்டுக்கொண்டே வந்தவர், கருவிகளைச் சுத்தம் செய்யும் அறைக்குள் நுழைந்ததும் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

உட்கார்ந்துவிட்டால் வம்புதான்.

வந்த புகாரே இந்த அறையைப் பற்றியதுதான். ஒரு மொட்டைக் கடிதம். கருவிகளை நீராவியில் வைத்துக் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவ் இயந்திரம் இங்கே சரியில்லை என்று யாரோ டைப் அடித்து மேலிடத்துக்கு அனுப்பியிருந்தார்கள். ஆய்வு நோட்டீஸோடு அதன் நகலும் வந்த அன்று, முதல் இரண்டு வரிக்கு மேல் டாக்டரால் படிக்க முடியவில்லை. ரத்தம் கொதித்தது. எதிர்த் தெருவில் புதிதாகக் கடை விரித்திருக்கும் பல் டாக்டரின் வேலைதான் என்று முடிவு கட்டினாள். கடிதத்தை இழுப்பறையில் திணித்தாள். வீம்புக்கென்றே மறுவாரம் புது இயந்திரம் வாங்கிப் போட்டாள்.

அதைப் பார்த்த உதவியாளர் அக்காவுக்கு வீட்டுக்குப் பேரக்குழந்தை வந்துவிட்ட மாதிரி சந்தோஷம்.

பதினோரு வருடமாக இந்த அறை அக்காவின் ராஜ்ஜியம். எந்நேரமும் நீராவியில் நிற்பதால் ஆவியக்கா என்றே பேராகிவிட்டது. காலையில் முதல் ஆளாக வருவாள். கருவிகளைத் தட்டுத் தட்டாக அடுக்கி, இயந்திரத்தை ஓட்டி, பதிவேட்டில் குறிப்பு எழுதி, அடியில் மறக்காமல் நேரம் போட்டு டாக்டரிடம் நீட்டுவாள். நேரத்துக்குப் பக்கத்துக் கட்டம் டாக்டரின் கையெழுத்துக்கு. டாக்டர் ஒரு கையில் எக்ஸ்ரேயும், காதுக்கும் தோளுக்கும் நடுவே செல்போனுமாக ஒரு கிறுக்கு கிறுக்கிவிட்டுப் போவாள்.

அந்தப் பதிவேடுதான் இப்போது ஆய்வாளரின் மடியில் கிடந்தது.

"'ரப்பர் மூச்சு விடுகிறது'ன்னு எழுதியிருக்கே, என்னம்மா இது?"

"பழைய மெஷினோட கதவு ரப்பர் சார். ஓரத்துல ஆவி கசியும்." கதவருகில் நின்ற அக்கா, மேலங்கியின் பொத்தானைத் திருகிக்கொண்டே சொன்னாள்.

ஆய்வாளர் டாக்டரைப் பார்த்தார். "மெஷின் மாத்துற வரைக்கும் ரெண்டு மாசம் தினமும் எழுதியிருக்காங்க. தினமும் உங்க கையெழுத்தும் இருக்கு. படிச்சீங்களா?"

டாக்டருக்குப் பொய் சொல்ல வாய் வரவில்லை. இல்லை என்று தலையை ஆட்டினாள். உரிமம் போச்சு. வாசலில் ஆட்கள் ஏணி போட்டுப் பெயர்ப்பலகையை இறக்குவது வரை அந்த ஒரு நொடியில் பார்த்து முடித்துவிட்டாள்.

ஆய்வாளர் பதிவேட்டை அவள் பக்கம் திருப்பி, விரலால் தொட்டுக் காட்டினார்.

ரப்பர் கசிந்த நாட்களில் எல்லாம் ஒரே தட்டுக்கு இரண்டு வரி. ஒவ்வொரு தட்டையும் அக்கா இரண்டு முறை ஓட்டியிருந்தாள். சூடு போதுமான அளவு ஏறியதா என்று காட்டும் சோதனைப் பட்டையை ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் ஒட்டியிருந்தாள். பட்டையின் நிறம் மாறாத ஒரு நாளில், அந்தத் தட்டையே தூக்கி ஓரமாக வைத்திருந்தாள்.

"ஒரு தட்டுகூட அரைகுறையா வெளிய போகல. இந்தம்மாவாலதான் தப்பிச்சீங்க. மெஷினும் மாத்திட்டீங்க. இனிமே படிச்சுட்டுக் கையெழுத்துப் போடுங்க."

டிக் போட்டார். முத்திரை குத்தினார். போய்விட்டார்.

டாக்டருக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. அக்காவை அப்படியே கட்டிக்கொண்டாள். "விடுங்க டாக்டர், கையெல்லாம் ஈரம்" என்று நெளிந்த அக்கா, அடுத்த தட்டை அடுக்கப் போனாள்.

தலையில் இருந்த மலை இறங்கிவிட்டது. இனி எதிர்த் தெருக்காரனை ஒரு கை பார்த்துவிட வேண்டியதுதான் என்று டாக்டர் தன் அறைக்குப் போய் இழுப்பறையைத் திறந்து கடிதத்தை எடுத்தாள். இந்த முறை மூன்றாவது வரிக்குப் போனாள்.

"கதவு ரப்பர் மூச்சு விடுகிறது. நான்கு முறை நேரிலும் சொல்லியாயிற்று."

டாக்டர் நாற்காலியில் மெதுவாகச் சாய்ந்தாள்.

"டாக்டர் கெட்டவர் இல்லை. வேலை மும்முரத்தில் நான் சொல்வது காதில் விழுவதில்லை, அவ்வளவுதான். நீங்கள் சொன்னால் விழும்."

கீழே பெயர் இல்லை. ஆனால் பதினோரு வருடப் பழக்கம் விடவில்லை. 'நேரம்: காலை 8.10' என்று இருந்தது.

பதிவேட்டோடு உள்ளே வந்த அக்கா, மேசையில் விரிந்திருந்த கடிதத்தைப் பார்த்துவிட்டாள். வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

டாக்டர் தலை நிமிரவில்லை. முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை இன்னொரு முறை நிதானமாகப் படித்தாள். பேனாவை எடுத்தாள். நேரத்துக்குப் பக்கத்தில், வழக்கமாகக் கட்டம் இருக்கும் இடத்தில், முழுக் கையெழுத்தாகப் போட்டாள்.

பிறகு பதிவேட்டுக்குக் கை நீட்டினாள்.

பக்கத்து அறையில் புது இயந்திரம் சத்தமே இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. அக்கா மூச்சு விட்டதுதான் கேட்டது.