மூன்றாவது தென்னையின் தடம்

விலாசினியின் கண்ணிலிருந்து தண்ணீர் தாரை தாரையாகக் கொட்டியது. துபாய்க்குப் போன புருஷனை நினைத்து அழுகிறாள் பாவம் என்று, ரோட்டில் போனவர்கள் உச்சுக்கொட்டிக்கொண்டு போனார்கள்.

அவளுக்கு எரிச்சல்தான் கூடியது. மார்கழியில் மாமரத்தடியில் புகை போட்டால்தான் பூக்கும். அந்தப் புகை கண்ணைக் கரிக்காமல் என்ன செய்யும்?

வேலை ஒன்றா, இரண்டா? காச்சில் கிழங்கு தோண்ட வேண்டும், நல்லமிளகு பறிக்க வேண்டும், மழை நின்றுவிட்டதால் தென்னை மூட்டைச் சுற்றி வட்டக் குழியாகத் தடம் வெட்டித் தழை போட வேண்டும். முந்தாநாள் மூன்றாவது தென்னைக்கு வெட்டும்போது உள்ளங்கை கொப்பளித்து, பாதியிலேயே மண்வெட்டியைப் போட்டுவிட்டாள்.

அடுத்தவர் நிலத்தில் குடிசை போட்டிருந்த குடிகிடப்புக்காரர்களுக்குச் சட்டம் வந்து, பட்டயம் கிடைத்த பத்து சென்ட் அது. அதில் ஓட்டு வீடு கட்டப் பணத்தோடுதான் திரும்புவேன் என்று ஊர் முன்னால் சொல்லிவிட்டு, மாலையும் கழுத்துமாக பஸ் ஏறினான் சதாசிவன். மாதம் பத்தாகிவிட்டது.

படலையைத் தள்ளிக்கொண்டு கிளீட்டஸ் வந்தான். கடலோரக் கடப்புறத்து மீன்காரன், சதாசிவனின் கூட்டுக்காரன். துபாயிலிருந்து லீவில் வந்தவர் கொடுத்தது என்று, வழக்கம்போல மடியிலிருந்து கடிதத்தை எடுத்து நீட்டினான்.

உருண்டை உருண்டையாக சதாசிவனின் கையெழுத்தேதான். ‘மாமரத்துக்குப் பச்சைத் தழை போட்டுப் புகை மூட்டு. காச்சிலை முறியாமல் தோண்டு. மூன்றாவது தென்னைக்குத் தடம் பத்தாது, இன்னும் ஒரு முழம் அகலமாக வெட்டு.’

அவ்வளவுதான். சுகமா இருக்கிறாயா என்று ஒரு வார்த்தை இல்லை. கட்டிக்கொண்டவளா, கூலிக்கு வந்தவளா? நெஞ்சு கொதித்தது. தடம் சின்னது என்று கோள் சொன்ன ஆள் யார் என்பதுதான் அவளுக்கு முதலில் தெரிய வேண்டியிருந்தது.

“எனக்க தடத்தைப் பத்தி அவருக்கு எழுதிப் போட்டது நீங்கதானே அண்ணே?”

“மாதாவாணை இல்ல தங்கச்சி. எனக்கு எழுத்து எங்க தெரியும்? நான் கைநாட்டாக்கும்.”

அது உண்மைதான். விலாசினி கடிதத்தை இன்னொரு தடவை படித்தாள். பிறகு போய் அந்தத் தென்னை மூட்டில் குனிந்தாள். அவள் கொத்திப் போட்ட மண்ணில் இன்னும் ஈரம் காயவில்லை.

கிளீட்டஸ் அவசரமாக மாமரத்தை அண்ணாந்து பார்த்து, இந்த வருஷம் காய் பிடிக்கும் என்றான். புகை அடங்கிவிட்டது. அவள் கண்ணில் மட்டும் தண்ணீர் நிற்கவில்லை.

கிடந்த மண்வெட்டியை எடுத்து வந்து அவன் கையில் திணித்தாள்.

“கடப்புறத்துல ஒளிஞ்சிருந்தது போதும், மிச்சத் தடத்தை அவரையே வந்து வெட்டச் சொல்லுங்க.”