கஞ்சாக் கடைக்கு ஆள் தேவை

"உன்னை வேலைக்கு எடுத்தா என் கடையை இழுத்து மூடிடுவாங்க, தம்பி!"

கஞ்சா விற்பனையைச் சட்டம் இப்போது அனுமதிக்கும் ஓர் அமெரிக்க மாநிலம் அது. கடை முதலாளி வெய்ன் ஸ்டக்கி, 'சிறை சென்றவர்' என்று குறித்திருந்த விண்ணப்பத்தை மேசையில் போட்டார். எதிரே உட்கார்ந்திருந்தான் லமாண்ட். வேலை கேட்டு அவன் ஏறி இறங்கும் பன்னிரண்டாவது இடம் இது. வெள்ளிக்கிழமைக்குள் வேலை கிடைத்ததற்கு ஒரு காகிதம் காட்டாவிட்டால், மகள் ஜோனியை அவனிடம் அனுப்ப முடியாது என்று கோர்ட்டில் கறாராகச் சொல்லிவிட்டார்கள். ஒன்பது வயசுப் பிள்ளை, யார் வீட்டிலோ வளர்கிறாள்.

"அப்படி என்ன கேஸ்?"

"கஞ்சாதான் சார். சட்டைப் பையில ஒரு சின்னப் பொட்டலம். அப்ப எனக்கு இருபது வயசு. நான் இழுக்கத்தான் வச்சிருந்தேன். விக்க வச்சிருந்ததா எழுதிட்டாங்க. பதினாலு மாசம் உள்ள இருந்தேன்."

"அடப்பாவமே! அது மாதிரி ஆயிரம் பொட்டலம் இந்த ரூமுக்குப் பின்னாடி இருக்கு. எல்லாம் லைசென்ஸோட!"

ஸ்டக்கி வயிறு குலுங்கச் சிரித்தார். லமாண்டுக்குச் சிரிப்பு வரவில்லை. தொப்பியை மடியில் வைத்துக் கசக்கிக்கொண்டிருந்தான்.

"கேளு தம்பி. எதிர்த்தாப்புல மதுக்கடை வச்சிருக்கானே, அவன், குடிச்சிட்டு ஆள் மேல வண்டியை ஏத்தி ஜெயிலுக்குப் போனவனைக்கூடக் கல்லாவுல உக்கார வைக்கலாம். ஒருத்தனும் கேக்க மாட்டான். மருந்துக் கடையில, கார்ல இருந்து இறங்காமலே ஜன்னல் வழியா வலி மாத்திரை வாங்கிட்டுப் போறாங்க. எனக்கு மட்டும் மூலைக்கு மூலை கேமரா! வாசல்ல ஒரு தடவை, கவுன்ட்டர்ல ஒரு தடவை அடையாள அட்டை பாக்கணும். ஒரு கிராம் குறைஞ்சா விசாரணை. முப்பது வருஷம் அரசாங்கச் சம்பளம் வாங்கினவன் நான். எனக்கே இந்தக் கதி! அநியாயமா இல்ல?"

"அநியாயம்தான் சார்."

சொல்லிவிட்டான். வேலை கேட்டு வந்தவன் முதலாளிக்கு ஆறுதல் சொல்ல வேண்டியிருக்கிறதே!

"தரை துடைக்கிற வேலையாவது குடுங்க சார். சரக்குப் பக்கமே போக மாட்டேன்."

"அந்தக் கதவைத் தாண்டறதுக்கே மாநில அரசு குடுக்கிற பணி அனுமதி அட்டை வேணும்பா. கஞ்சாக் கேஸ் இருந்தா அட்டை கிடையாது. நான் என்ன பண்றது, சொல்லு?"

அவ்வளவுதான். லமாண்ட் எழுந்தான். ஜோனிக்கு என்ன பதில் சொல்வது என்று நினைத்தபடி நாற்காலிப் பக்கத்திலேயே நின்றுவிட்டான். அவன் நின்ற நிலையைப் பார்த்து ஸ்டக்கிக்கே மனசு கேட்கவில்லை.

"இரு, இரு. பொண்ணு விஷயம்னு விண்ணப்பத்துல எழுதியிருக்கியே... ஒரே ஒரு வழி இருக்கு. விதிவிலக்கு கேக்கலாம்."

"எப்படி சார்?"

"அன்னிக்கு உன்னைப் பிடிச்ச போலீஸ்காரர் ஒரு கடிதம் குடுக்கணும். 'இவனால ஆபத்து இல்ல, கேஸை அன்னிக்குப் பெருசு பண்ணிட்டோம்'னு எழுதிக் கையெழுத்துப் போடணும். நாளைக்குக் காலையில அனுப்பினா வியாழக்கிழமையே அட்டை வந்துடும்."

லமாண்ட் மெல்ல மறுபடி உட்கார்ந்தான்.

"ஆனா பதினெட்டு வருஷம் ஆச்சே தம்பி. அந்த ஆளை எங்க போய்த் தேடுவே? எத்தனையோ பேரைப் பிடிச்சிருப்பார், உன்னை ஞாபகம் வச்சிருப்பாரா? அவர் பேராவது உனக்குத் தெரியுமா?"

உள்ளே வந்ததிலிருந்து குனிந்த தலை நிமிராதவன், இப்போதுதான் அவர் முகத்தை நேராகப் பார்த்தான். மேசையில் கிடந்த பேனாவை எடுத்து அவர் பக்கம் நீட்டினான்.

"எங்கேயும் தேட வேண்டாம். எனக்கு விலங்கு மாட்டினது நீங்கதான்... எழுதுங்க சார்."