மூன்றாவது மாடிச் சிரிப்பு

"லிஃப்டு கிஃப்டு எல்லாம் நமக்கு வேண்டாம்னு அன்னைக்கே சொல்லிட்டேனே," என்றார் முதலாளி.

இன்ஜினியருக்குச் சப்பென்று ஆகிவிட்டது. சாந்தையும் செங்கல்லையும் மாடிக்கு ஏற்றும் லிஃப்ட் அது. இன்னொரு கம்பெனி கட்டும் இடத்துக்கே போய், அது ஓடுவதைப் படம் பிடித்து வந்திருந்தார். திங்கட்கிழமை புதுக் கட்டடம் தொடங்குகிறது. இன்றும் தட்டிப்போனால், அத்தனை மாடிக்கும் சித்தாள் பெண்கள்தான் தலையில் சுமந்து ஏற வேண்டும்.

"அங்க சித்தாளுங்களே அதை ஓட்டுறாங்க சார். சொல்லிக் கொடுத்திருக்காங்க. யாருக்கும் வேலை போகலை."

ஆதரவுக்கு மேஜையின் கோடியைப் பார்த்தார். கம்பெனியில் பாதிப் பங்கு வைத்திருக்கும் அம்மா அங்கே உட்கார்ந்திருந்தார்.

"நீங்க படிச்சு வந்தவர். நான் சாரத்துல நின்னு வந்தவன்," என்றார் முதலாளி. கொத்தனாராக இருந்த காலத்தைத் தொட்டால் போதும், அவர் குரல் குழைந்துவிடும். "அதெல்லாம் ஒரு காலம். சாயங்காலம் சுவருக்குத் தண்ணி விட்டா ஒரு வாசனை வரும் பாருங்க, இன்னும் மூக்குலயே நிக்குது. நான் மூணாவது மாடியில சுவர் எழுப்புறேன். ஒரு சித்தாள் பொண்ணு சாந்துச் சட்டியோட படியேறி வருவா. ஒவ்வொரு தடவையும் என்னைப் பார்த்துப் பல்லு தெரிய ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்பைப் பார்க்கணும்னே இருக்கிற சாந்தைச் சீக்கிரம் சீக்கிரமா தீர்த்துட்டு, அடுத்த சட்டிக்குக் குரல் கொடுப்பேன். உங்க லிஃப்டு சிரிக்குமா, சொல்லுங்க."

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். இன்ஜினியருக்கே மனசு இளகிவிட்டது. பூசாத படிகளில், ஈரச் சுவரை ஒட்டி ஏறி வரும் அந்தப் பெண் கண்முன் வந்து நின்றாள். இப்படி ஒரு நினைப்போடு எந்த மெஷின் மல்லுக்கட்ட முடியும்? லேப்டாப்பை மூடப் போனார்.

"மூடாதீங்க தம்பி. நாளைக்கே லிஃப்டுக்குச் சொல்லிடுங்க," என்றார் கோடியில் இருந்த அம்மா.

பிறகு முதலாளியின் பக்கம் திரும்பினார்.

"கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்துல, ஆசையா சொல்லிக்கிட்டு இருக்கீங்களேன்னு நானும் விட்டுட்டேன். அந்த மூணாவது மாடி ஏறும்போது கழுத்து விண்ணு விண்ணுன்னு தெறிக்கும். நான் சிரிக்கலைங்க, வலி தாங்காம பல்லைக் கடிச்சுக்கிட்டு வந்தேன்."