ராக்கு எழுப்பிய போதும்பொண்ணு

ஆய்வுக்கூடத்துக் கண்ணாடித் தட்டு ஒன்றில் ராக்கு என்ற மார்பகப் புற்றுநோய்ச் செல் குடியிருந்தாள். இரண்டாகப் பிரிவதும் மறுபடி பிரிவதும்தான் அவளுக்குப் பிழைப்பு. அவளுக்குள்ளே "பெருகு, பெருகு" என்று கத்தும் மரபணுக்களுக்கு மட்டும்தான் மரியாதை. "போதும்" என்று சொல்வதையே வேலையாகக் கொண்ட போதும்பொண்ணு என்ற மரபணுவை ராக்கு எப்போதோ தூங்க வைத்துவிட்டாள்.

ஒரு நாள் பக்கத்துத் தட்டிலிருந்த சிட்டு என்ற செல் பதறியடித்துக் கூப்பிட்டாள்.

"அடியே ராக்கு, இன்னைக்கு உன் தட்டுக்குச் சோதனைடி! எந்த மரபணு கத்துது, எது சும்மா கிடக்குதுன்னு பார்ப்பாங்களாம். அடங்காதவள்னு தெரிஞ்சா மருந்தை ஊத்திக் கொன்னுடுவாங்க. நாளைக்கு என் முறை."

"இவ்வளவுதானே? ஒரு நாள் நல்லவளா இருந்துட்டுப் போறேன்."

ராக்கு கத்துகிறவர்களின் வாயைப் பொத்தினாள். போதும்பொண்ணைத் தட்டி எழுப்பி, "தாயே, இன்னைக்கு மட்டும் கொஞ்சம் பேசு" என்று கெஞ்சினாள். அவளும் கொட்டாவி விட்டபடி, "போதும்" என்றாள். சோதனை செய்தவர்கள் ராக்குவைச் சாது என்று நம்பி, மருந்தை மூடி எடுத்துக்கொண்டு போனார்கள்.

"சரி, நீ போய்ப் படு" என்றாள் ராக்கு.

"தூங்கினது போதும்" என்றாள் போதும்பொண்ணு.

ராக்கு இரண்டாகப் பிரியப் பார்த்தாள். "போதும்." வாய்க்கு வந்தபடி திட்டிப் பார்த்தாள். "போதும்."

"எப்படிடி தப்பிச்சே? எனக்கும் அந்த வித்தையைச் சொல்லேன்" என்று கெஞ்சினாள் சிட்டு.

"பேசாம மருந்தையே குடிச்சிடுடி" என்றாள் ராக்கு. "அது ஒரு தடவைதான் கொல்லும்."