சிறப்பு மூலிகைக் கலவை

"அதைச் சொல்ல முடியாது மேடம். கம்பெனி ரகசியம்."

போனில் அந்தக் கம்பெனிப் பெண்ணிடமிருந்து மூணாவது தடவையாக அதே பதில். அம்மா போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் மகளின் நெஞ்சு எகிறி எகிறி விழுந்துகொண்டிருந்தது. உடம்பு இளைக்கணும் என்று கூரியரில் வரவழைத்துத் தின்ற மாத்திரை செய்த வேலை.

டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாயிற்று. 'சிறப்பு மூலிகைக் கலவை.' அவ்வளவுதான். விலையை மட்டும் கொட்டை எழுத்தில் போடத் தெரிந்திருக்கிறது அந்த மகராசன்களுக்கு.

"உள்ளே என்ன இருக்குன்னு தெரியாம நான் மருந்து குடுத்தா, ரெண்டும் மோதி உசிருக்கே ஆபத்து. சீக்கிரம் கேட்டுச் சொல்லுங்க" என்று டாக்டர் சொல்லிப் பத்து நிமிஷம் ஆகிறது.

"அம்மாடி, உன் கால்ல விழறேன். எனக்கு இருக்கறது ஒரே பொண்ணு. பயமா இருக்கும்மா."

"புரியுது மேடம். நாம பேசறது பதிவாகுது. டப்பா அடியில இருக்கற நம்பரைப் படிங்க."

டப்பாவைக் கவிழ்த்துப் படித்தாள்.

"எந்த ஆஸ்பத்திரி? எந்த வார்டு? வார்டு போன் நம்பர்?"

"அதெல்லாம் இப்ப எதுக்கு?"

"படிவத்துல நிரப்பணும் மேடம்."

சுவரில் ஒட்டியிருந்ததைப் பார்த்துச் சொல்லித் தொலைத்தாள்.

"நன்றி. வேற ஏதாவது உதவி வேணுமா?"

"உதவியா? நீயெல்லாம் ஒரு பொண்ணா? உன்மேல புகார் குடுத்து, உன்னை அந்த நாற்காலியை விட்டே எழுப்பறேனா இல்லையா பாரு!"

லைன் கட்டாகிவிட்டது.

அம்மா வாய்க்கு வந்தபடி சபித்தாள். உள்ளே நர்சுகள் ஓடினார்கள். எழுந்து பார்க்கத் தைரியம் வரவில்லை.

அரை மணி கழித்து டாக்டர் வந்தார்.

"துடிப்பு இறங்கிடுச்சும்மா. இனி பயமில்லை."

"என்ன கலந்திருக்குன்னு எப்படித் தெரிஞ்சுது டாக்டர்?"

"கம்பெனியிலேர்ந்து ஒரு பொண்ணு வார்டுக்குப் போன் பண்ணினா. பாத்ரூம்ல ஒளிஞ்சு நின்னு பேசறேன்னு சொல்லி, மொத்தப் பட்டியலையும் கிசுகிசுன்னு படிச்சா. லேபிள்ல போடாத மருந்து ரெண்டு இருந்துது."

"ஐயோ, அவளையா நான்..."

"உங்களுக்கு ஒரு சேதி சொன்னா. மறக்காம அந்தப் புகாரைக் குடுத்துடணுமாம். அப்பதான் விஷயம் வெளியே போனதுக்கு அவமேல யாருக்கும் சந்தேகம் வராதாம்."